ரேக் கிராஃபிக் ஈக்வலைசர் வாங்கறதுக்கு முன்னாடி: சேலம் பக்கம் மைக் செட் தம்பிங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

சேலத்துல சவுண்ட் சர்வீஸ் ஓட்டுறேங்க. கல்யாணம், காதுகுத்து, ஆடி மாசம் மாரியம்மன் பண்டிகை, பட்டிமன்றம், கட்சி மீட்டிங் எல்லாம் பாத்தாச்சு, மே மாசம் வந்தா வண்டி ஏற்காட்டுக்கும் ஏறும். புதுசா செட்டு போடுறவங்க போன் பண்ணா பாதி பேரு கேக்குறது ஈக்வலைசர் பத்தித்தான், ஒவ்வொருத்தருக்கும் அரை மணி நேரம் சொல்லிச் சொல்லி தொண்டை கட்டிக்கிச்சு, அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். படிச்சுட்டு அப்புறமா போன் பண்ணுங்க.

அண்ணா, கிராஃபிக் ஈக்வலைசர்னா என்ன, மிக்சர்லயே பாஸ் ட்ரெபிள் இருக்கே?

மிக்சர்ல ஒவ்வொரு சேனல்லயும் இருக்கறது அந்த மைக்குக்கு, அந்தக் குரலுக்கு. கிராஃபிக்குங்கறது மொத்த செட்டுக்கும், அந்த இடத்துக்கும். சத்தத்தை அடிமட்டத்துல இருந்து உச்சி வரைக்கும் துண்டு துண்டா வெட்டி (ஒவ்வொரு துண்டும் ஒரு பேண்டு) துண்டுக்கு ஒரு ஃபேடர், அதாவது மேல கீழ தள்ளற குமிழ், குடுத்திருப்பான், எது துருத்திக்கிட்டு நிக்குதோ அதை மட்டும் இறக்கிக்கலாம். ஃபேடர் எல்லாம் வரிசையா நிக்கறதைப் பாத்தாலே என்ன பண்ணி வெச்சிருக்கோம்னு படமா தெரியுது, கிராஃபிக்னு பேரு வந்ததே அதனாலதான். ஆனா அந்தப் படத்தை அப்படியே நம்பிராதீங்க, பக்கத்து பக்கத்து ஃபேடர் ரெண்டையும் மைனஸ் 6 டிபில (டிபின்னா சத்தத்தோட அளவு, டெசிபல்) வெச்சா பல மாடல்ல ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி 6க்கு மேலயே இறங்கிரும், கண்ணுக்கு அது தெரியாது.

15 பேண்டு வாங்கவா 31 பேண்டு வாங்கவா?

31.

சரி, காரணம் சொல்றேன். 31 பேண்டுல 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 வரைக்கும் ஒரு ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் ரெண்டு மடங்காகற தூரம்) மூணு ஃபேடர். 15 பேண்டுல ஆக்டேவுக்கு ஒண்ணரை தான் வரும், அதாவது 1000க்கு அடுத்து 1600, அதுக்கு அடுத்து 2500. இப்ப பேசுறவர் மைக் 2000ல கீச்சுன்னு கத்துதுன்னு வைங்க, 15 பேண்டுல 2000னு ஒரு ஃபேடரே கிடையாது, 1600ஐயும் 2500ஐயும் சேர்த்து இறக்கணும், கத்தறது நிக்கும், கூடவே பேச்சோட தெளிவும் போயிரும், ஏன்னா க, ச, த, ப எல்லாம் பிரிஞ்சு காதுல விழறதே அந்த ஏரியாலதான், அதைப் புடுங்கிட்டா பட்டிமன்ற நடுவர் ஜலதோஷம் புடிச்ச மாதிரி பேசுவாரு. 31ல 2000ஐ மட்டும் மூணு டிபி இறக்கிட்டு வேலையைப் பாக்கலாம்.

15 பேண்டு சும்மா இல்லை. சின்ன சபை, ஸ்கூல் பிரேயர், டீக்கடை ஸ்பீக்கர் மாதிரி மாத்தாம ஒரே இடத்துல கெடக்கற செட்டுக்கு போதும், ஒரு யூ இடத்துல (யூங்கறது ரேக் உயர அளவு, கீழ சொல்றேன்) ரெண்டு சேனலும் அடங்கிரும். வாடகைக்கு எடுத்துட்டுப் போய் தினம் ஒரு மண்டபத்துல கட்டறவங்களுக்கு அது பத்தாது.

டூயல்னு ரெண்டு சேனல் இருக்கறது எதுக்கு, நான் மோனோ தான ஓட்டுறேன்?

மோனோ ஓட்டுறவங்களுக்குத்தான் டூயல் முக்கியம்னு நான் சொல்லுவேன். லெஃப்ட் ரைட்டுனு பிரிச்சு ஓட்டறது கச்சேரி, ஆர்கெஸ்ட்ரா மாதிரி இடத்துல. மத்த வேலைல முதல் சேனலை முன்னாடி ஜனங்களுக்குப் போற பாக்ஸுக்கும், ரெண்டாவது சேனலை மேடை மானிட்டருக்கும் (மேடைல இருக்கறவங்க கேக்கறதுக்கு வெக்கற பாக்ஸ்) குடுங்க. மைக்குக்கு நேரா நெருக்கமா நிக்கறது மானிட்டர்தான், அதுதான் முதல்ல ஊளையிடும், அதுக்கு தனி ஈக்யூ (ஈக்வலைசர்தான்) இல்லாம முன்னாடி பாக்ஸையும் சேர்த்து இறக்குனா நாலாவது வரிசைல உக்காந்திருக்கறவருக்கு எதுக்கு தண்டனை?

எந்த மாடல்னு பேரு சொல்லுங்கண்ணா.

எல்லாரும் இதைத்தான் கேக்குறீங்க. டிபிஎக்ஸ் கம்பெனில 131 ஒத்தை சேனல் 31 பேண்டு, ஒரு யூ. 231 டூயல் 31 பேண்டு, ரெண்டு யூ. 1231ம் டூயல் 31தான், ஆனா மூணு யூ, ஃபேடர் நீளமா இருக்கும். 215 டூயல் 15 பேண்டு ஒரு யூ. பெரிங்கர்ல எஃப்பிக்யூ வரிசை இருக்கு, அதுல எந்த பேண்டு கத்துதோ அந்த ஃபேடர்ல இருக்கற லைட்டு பளிச்சுன்னு எரியும், புதுசா கத்துக்கறவங்களுக்கு அது நல்ல வாத்தியார். பழைய பெரிய செட்டுக்காரங்க கிட்ட கிளார்க் டெக்னிக் டிஎன்360 இருக்கும், டூயல் 30 பேண்டு, அதை விக்க மாட்டாங்க, கேட்டா மொறைப்பாங்க.

என் கருத்து, காசு இருந்தா நீளமான ஃபேடர் இருக்கறதை வாங்குங்க. சின்ன ஃபேடர்ல ஒரு டிபிக்கு நகம் அளவு கூட தூரம் இருக்காது, இருட்டுல, ஜெனரேட்டர் சத்தத்துல, மாப்பிள்ளை வீட்டு ஆளு காதுகிட்ட கத்தறப்போ ஒரு டிபி நகத்த நெனச்சா நாலு டிபி நகரும்.

யூ யூன்னு சொல்றீங்களே, அது என்ன?

ரேக், அதாவது சாமான் எல்லாம் அடுக்கி மாட்டுற பெட்டி, அதோட உயரக் கணக்கு. ஒரு யூன்னா ஒண்ணே முக்கா இஞ்ச், அகலம் எப்பவும் 19 இஞ்ச். வாங்கறதுக்கு முன்னாடி உங்க பெட்டில எத்தனை யூ காலி இருக்குன்னு டேப் புடிச்சு அளந்துட்டுப் போங்க, பின்பக்கம் கேபிள் வளையறதுக்கும் ஒரு சாண் இடம் விடுங்க.

6 டிபி, 12 டிபி, 15 டிபின்னு போட்டிருக்கான், எது நல்லது?

பெரிய நம்பர் நல்லதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் பாதி பேரு வர்றாங்க. அந்த நம்பர் ஃபேடரை முழுசா ஏத்துனா இறக்குனா எவ்வளவு மாறும்ங்கற கணக்கு. நல்ல மாடல்ல 6க்கும் 12க்கும் மாத்தறதுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும், 231ல இருக்கு, 1231ல 6ம் 15ம். சுவிட்சை 6ல வெச்சுட்டீங்கன்னா அதே ஃபேடர் தூரத்துல பாதி டிபிதான் மாறும், கை நிதானமா ஓடும். நான் பெரும்பாலும் 6லதான் வெச்சிருப்பேன், கத்தற பேண்டு அடங்கவே இல்லைன்னாத்தான் 12.

ஏத்தறதைப் பத்தி ஒண்ணு சொல்லணும், இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா மீதி பக்கத்தைப் படிக்காட்டியும் பரவால்ல. 3 டிபி ஏத்துனா ஆம்ப் ரெண்டு மடங்கு பவர் குடுக்கணும். 6 ஏத்துனா நாலு மடங்கு. 12 ஏத்துனா பதினாறு மடங்கு. 50 ஹெர்ட்ஸ்ல 100 வாட் போயிட்டிருந்த இடத்துல 12 டிபி ஏத்துனீங்கன்னா அந்த பேண்டுக்கு மட்டும் 1600 வாட் கேக்கும், உங்க ஆம்ப் ஆயிரம் வாட்டுன்னா என்ன ஆகும்? கிளிப் ஆகும், அதாவது ஆம்ப் தாங்காம சத்தம் உச்சில வெட்டுப்படும், அப்புறம் ஸ்பீக்கர் காயில் கருகும். அம்மாப்பேட்டை பக்கம் ஒரு ரிசப்ஷன்ல, நான் சாப்புட போயிருந்த பத்து நிமிஷத்துல, பொண்ணோட அண்ணன் ஃப்ரெண்டு ஒருத்தரு 'குத்துப் பாட்டுக்கு பேஸ் பத்தல'ன்னு கீழ்ப்பக்கம் நாலு ஃபேடரையும் உச்சிக்கு ஏத்தி விட்டுட்டாரு. பந்தில ரசம் ஊத்திட்டு இருக்கறப்போ வெளிய சத்தம் மாறுனதைக் கேட்டேன், எந்திரிச்சு ஓடுறதுக்குள்ள 18 இஞ்ச் பாக்ஸ்ல ஒண்ணு போச்சு. அன்னைக்கு வாடகை அந்த காயில் சுத்தறதுக்கே சரியாப் போச்சு. அதுக்கப்புறம் ஈக்வலைசருக்கு முன்னாடி மூடி போட்டு ஸ்க்ரூ முறுக்காம நான் பந்திக்குப் போறதே இல்ல. நீங்களும் வாங்கறப்பவே அந்த தகர மூடியையும் சேர்த்துக் கேளுங்க.

அதனால ஈக்வலைசர் வாங்கறது இறக்கறதுக்கு. பேஸ் பத்தலைன்னா சப் (பேஸுக்குன்னு இருக்கற தனி பாக்ஸ்) வாங்குங்க, இல்ல மத்ததை எல்லாம் கொஞ்சம் இறக்கிட்டு மாஸ்டரை ஏத்துங்க.

மைக் கத்தறதை இதை வெச்சு எப்படி நிறுத்தறது?

ஜனங்க வர்றதுக்கு முன்னாடி பண்ணணும், தாலி கட்டற நேரத்துல இல்ல. மைக் எந்த இடத்துல நிக்கப் போகுதோ அங்கயே வெச்சு, எல்லா ஃபேடரையும் நடுவுல விட்டுட்டு, சேனலை மெதுவா ஏத்துங்க. லேசா 'ஊ'ன்னு இழுக்க ஆரம்பிக்கும். அங்கயே நிறுத்தி எந்த பேண்டுன்னு தேடுங்க. கீழ 200, 250 பக்கம்னா பானைக்குள்ள ஊதற மாதிரி 'ஊ'. 500ல இருந்து 1000 வரைக்கும் 'ஓ'ன்னு கேக்கும். 2000, 3000 வந்தா 'ஈ'ன்னு கீச்சுக்குரல், 6000க்கு மேல போனா ஊசி குத்தற மாதிரி விசில். தெரியலைன்னா போன்ல ஸ்பெக்ட்ரம் ஆப் ஒண்ணு போட்டுப் பாருங்க, கத்தறப்போ எந்த நம்பர்ல கோடு எந்திரிக்குதுன்னு காட்டும், அடிமட்ட பேஸுக்கு போன் மைக்கை நம்பாதீங்க, கத்தறதைக் கண்டுபிடிக்க அது தாராளம். அந்த ஃபேடரை 3 டிபி இறக்கு, மறுபடி ஏத்து, அடுத்தது கத்தும், அதையும் இறக்கு. நாலு, அஞ்சு பேண்டு ஆச்சுன்னா நிறுத்திருங்க. அதுக்கு மேலயும் கத்துச்சுன்னா மைக்கும் பாக்ஸும் வெச்ச இடம்தான் தப்பு.

பாக்ஸை மேடையை விட்டு முன்னாடி தள்ளி வைங்க, மைக்கை வாய்கிட்ட குடுங்க. கைல புடிக்கிற மைக்கை தலையோட சேர்த்து பொத்திப் புடிச்சுப் பேசுவாங்க பாருங்க, அவங்களுக்கு எந்த ஈக்வலைசரும் ஆகாது.

மண்டபத்துல பேச்சு ஒண்ணும் புரியல, எக்கோ அடிக்குது. ஈக்வலைசர் வாங்குனா சரியாயிருமா?

ஆகாது. இதுக்காகவே வாங்கறதா இருந்தா காசை மிச்சம் பண்ணுங்க.

நம்ம ஊர் மண்டபம் எப்படி இருக்கு? கீழ டைல்ஸ், மேல தகர ஷீட்டு இல்ல கான்கிரீட்டு, சுவத்துல ஒரு திரைச்சீலை கிடையாது. சத்தம் பட்டுப் பட்டு திரும்பி வந்துட்டே இருக்கும், அது நேர சம்பந்தப்பட்ட விஷயம், ஈக்வலைசர் எந்த சுருதி கூட எது கம்மிங்கறதை மட்டும்தான் மாத்தும், வந்த சத்தத்தை சீக்கிரம் சாகடிக்க அதால முடியாது. 125ல இருந்து 250 வரைக்கும் கொஞ்சம் இறக்குனா குமுறல் கொறஞ்சு பேச்சு சித்த தெளியும், அவ்வளவுதான். மத்தபடி பாக்ஸை கூரையைப் பாத்து வைக்காம ஜனங்க தலையைப் பாத்து சாய்ச்சு வைங்க, பெரிய பாக்ஸ் ரெண்டுக்கு பதிலா சின்ன பாக்ஸ் நாலு கிட்ட கிட்ட வெச்சு கம்மி சத்தத்துல ஓட்டுங்க. காலியா இருக்கறப்போ செட் பண்ணதும், ஆயிரம் பேரு வந்து உக்காந்ததும் வேற வேற, சட்டை சேலை எல்லாம் சத்தத்தை உறிஞ்சும், கூட்டம் வந்ததும் மறுபடி ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

பின்னாடி வரிசைக்கு வெச்ச பாக்ஸ் ரெண்டு தடவை கேக்குதுண்ணா, அது?

அதுக்கும் ஈக்யூ மருந்தில்ல, டிலே வேணும். கணக்கு பாருங்க, சேலத்துல 30 டிகிரில சத்தம் ஒரு செகண்டுக்கு சுமாரா 349 மீட்டர் ஓடும். முன்னாடி பாக்ஸ்ல இருந்து 30 மீட்டர் தள்ளி இன்னொண்ணு வெச்சீங்கன்னா ஒயர்ல போற சத்தம் உடனே வந்துரும், காத்துல வர்றது 86 மில்லிசெகண்டு கழிச்சு வரும். அவ்வளவு இடைவெளி இருந்தா காது ரெண்டாத்தான் கேக்கும். பின்னாடி பாக்ஸை அந்த அளவுக்கு லேட் பண்ணி விடணும். ஏற்காட்டுல 15 டிகிரின்னா 88 ஆகும், அதுக்காக அங்க போய் புதுசா கணக்கு போட்டுட்டு இருக்காதீங்க.

எங்க கனெக்ட் பண்ணணும்?

மிக்சர் மெயின் அவுட்ல இருந்து ஈக்வலைசர், அங்கிருந்து லிமிட்டர் (சத்தம் எல்லை தாண்டாம புடிக்கறது) இருந்தா லிமிட்டர், அப்புறம் கிராஸ்ஓவர் (பேஸையும் மேல் சத்தத்தையும் தனித்தனியா பிரிக்கறது), அப்புறம் ஆம்ப். மானிட்டருக்கு மிக்சரோட ஆக்ஸ் அவுட்ல (மெயின் இல்லாம தனியா வெளிய எடுக்கற லைன்) இருந்து ரெண்டாவது சேனல். எக்ஸ்எல்ஆர் கேபிள் (மூணு பின் மைக் கேபிள்) போடுங்க, தூரம் இருந்தா கண்டிப்பா. ஆன் பண்றப்போ ஆம்பை கடைசியா, ஆஃப் பண்றப்போ ஆம்பை முதல்ல.

வீட்டு ஆம்புக்கு இதை மாட்டலாமா? நான் மைக் செட் காரன் இல்ல, பாட்டு கேக்குறவன்.

மாட்டலாம், ஆனா லெவல் பொருந்தாது. மேடை சாமான் எல்லாம் பிளஸ் 4 கணக்குல ஓடறது, 1.23 வோல்ட். வீட்டு சாமான் மைனஸ் 10 கணக்கு, 0.316 வோல்ட்தான். ஏறக்குறைய 12 டிபி வித்தியாசம், அதனால சத்தம் சின்னதா, கூட உஸ்ஸுன்னு இரைச்சலோட வரும். நேராச் சொல்றதுன்னா ஸ்பீக்கரை செவுத்து மூலைல இருந்து ரெண்டடி தள்ளி வெச்சுப் பாருங்க, அதுலயே பாதி வேலை முடிஞ்சிரும்.

கூம்புக் குழாய்க்கு ஈக்வலைசர் தேவையா?

குழாயை சரி பண்றதுக்குன்னு இல்ல, காப்பாத்தறதுக்கு வேணும். கூம்புக்கு அடில பேஸ் வராது, வராத பேஸை அனுப்புனா யூனிட்டுக்குள்ள இருக்கற தகடு எதிர்ப்பே இல்லாம ஆடி ஆடி பிஞ்சிரும். அதனால 250க்கு கீழ இருக்கற ஃபேடர் எல்லாத்தையும் அடியோட இறக்கிருங்க, லோ கட் சுவிட்ச் இருந்தா அதையும் போடுங்க. கோயில்ல வருஷா வருஷம் யூனிட் மாத்தறவங்க இதை ஒரு தடவை பண்ணிப் பாருங்க. ராத்திரி 10 மணிக்கு மேல காலைல 6 மணி வரைக்கும் வெளில ஸ்பீக்கர் போடறது சட்டப்படி தப்பு, அரசு விலக்கு குடுக்கற பண்டிகை நாள்ல 12 மணி வரைக்கும் போடறது தவிர, அதை ஈக்வலைசர் காப்பாத்தாது.

'உம்ம்'னு ஹம்மிங் வருது, 50 ஹெர்ட்ஸ் ஃபேடரை இறக்குனா போகுமா?

கொறையும், போகாது. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதோட 100ம் 150ம் கூடவே வரும், எல்லாத்தையும் இறக்குனா தவில் சத்தம் அட்டைப்பெட்டி தட்டற மாதிரி ஆயிரும். எர்த் லூப்தான், அதாவது சாமான்களுக்கு நடுவுல எர்த் ரெண்டு வழில சுத்தறதுதான், காரணமா இருக்கும். மிக்சரும் ஆம்பும் ஒரே லைன்ல இருந்து கரண்ட் எடுக்கட்டும், இல்லைன்னா ரெண்டுக்கும் நடுவுல போற ஆடியோ லைன்ல ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடுங்க. பிளக்ல எர்த் பின்னை மட்டும் புடுங்காதீங்க, ஹம்மிங் போகும், கூடவே மைக் புடிச்ச ஆளும் போயிருவாரு. ஏற்காட்டுல ஜெனரேட்டர் வெச்சு ஓட்டறப்போ இன்னும் கவனம், பாறை நிலத்துல எர்த் ராடு ஒழுங்கா இறங்காது.

ஏற்காட்டுக்கு எடுத்துட்டுப் போறப்போ வேற என்ன பாக்கணும்?

20 கொண்டை ஊசி வளைவு. ஃபேடர் எல்லாம் ஆடி எங்கயோ போயிருக்கும், அதனால கிளம்பறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க. ரேக்ல கனமான ஆம்பை அடில வெச்சு பின்பக்கமும் தாங்கு குடுங்க, ஈக்வலைசர் இலேசு, அது மேல கண் மட்டத்துல இருக்கட்டும்.

அப்புறம் பனி. ஊரு 1500 மீட்டர் உயரத்துல இருக்கு, சாயங்காலம் மேகம் உள்ளயே வந்துரும். குளிர்ந்த பெட்டியைத் திறந்ததும் ஆன் பண்ணாதீங்க, கால் மணி நேரம் விடுங்க. பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போடுங்க. ஈரம் போய் ஃபேடர் கரகரன்னா கான்டாக்ட் கிளீனர் அடிங்க, கதவுக் கீலுக்கு அடிக்கற எண்ணெய் ஸ்பிரே அடிச்சா தூசி ஒட்டி இன்னும் மோசமாகும். இன்னொண்ணு கவனிச்சிருக்கேன், சேலத்து சித்திரை வெயில்ல வறண்ட காத்து தூரத்துக்குப் போற உச்ச சுருதியை குடிச்சிரும், மேல ஈரக் காத்துல அது நல்லாப் போகும், கீழ வெச்ச செட்டிங்கோட மேல போனா கடைசி வரிசைல ஸ் ஸ்னு உறைக்கும். 8000, 10,000 கொஞ்சம் இறக்கிக்கங்க.

டிஜிட்டல் மிக்சர் வாங்கப் போறேன், இதுவும் வேணுமா?

வேணாம். பெரிங்கர் எக்ஸ்ஆர்18 மாதிரி மிக்சர்லயே ஒவ்வொரு அவுட்டுக்கும் 31 பேண்டு கிராஃபிக் உள்ளயே இருக்கு, டேப்லெட்டை எடுத்துட்டு கடைசி வரிசைல உக்காந்துக்கிட்டே இறக்கலாம். ஒரு வருஷத்துக்குள்ள டிஜிட்டலுக்கு மாறற எண்ணம் இருந்தா ரேக் ஈக்வலைசருக்கு காசு போடாதீங்க. அனலாக் மிக்சர்லயே ஓட்டுறவங்களுக்குத்தான் இந்தப் பக்கம் முழுக்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமா, ஈக்வலைசர் சட்டுன்னு சாகாது. ஆனா போய்ப் பாக்கறப்போ ஆம்பும் ஒரு ஸ்பீக்கரும் கொண்டு போங்க. பிங்க் நாய்ஸ் (எல்லா பேண்டும் கலந்த உஸ்ஸுங்கற டெஸ்ட் சத்தம்) ஓட்டி ஒவ்வொரு ஃபேடரா மேல கீழ இழுத்துப் பாருங்க, டூயல் 31ன்னா 62 ஃபேடரையும், சோம்பல் படாதீங்க, நடுவுல டக்குன்னு நிக்குதா, கரகரக்குதா, ஒண்ணுமே மாறலையா. வெளிநாட்டு மாடல்னா பின்னாடி 115, 230 வோல்ட் சுவிட்ச் 230ல இருக்கான்னு பாத்துட்டு பிளக் போடுங்க.

பைபாஸ் பட்டனையும் (ஈக்வலைசர் வேலை செய்யாம சத்தத்தை அப்படியே கடந்து போக விடறது) அமுக்கிப் பாருங்க. லைட் எரியுதா, சத்தம் மாறுதா, கரண்ட் ஆஃப் பண்ணாலும் சத்தம் நேரா கடந்து போகுதா, கரண்ட் இல்லாட்டியும் பாட்டு நிக்காத மாதிரி பைபாஸ் இருக்கற மாடல் நல்லது. லைட் ஏன் முக்கியம்னு கேட்டீங்கன்னா, சேலம் குகை ஏரியாவுல ஒரு கல்யாணம், பொண்ணோட மாமா வந்து சத்தம் காதைக் குத்துதுன்னு நச்சரிச்சாரு. மூணு ஃபேடரை இறக்குனேன், அவரு அரை நிமிஷம் தலையை ஆட்டிக் கேட்டுட்டு 'இப்பத்தான் தம்பி சரியா இருக்கு, இதை முதல்லயே பண்ணிருக்கலாம்ல'ன்னு சொல்லிட்டு சாப்புடப் போயிட்டாரு. குனிஞ்சு பாத்தா பைபாஸ் அமுங்கியிருக்கு, காலைல இருந்தே. பைபாஸ் லைட் ஃபியூஸ் போன மாடல் அது.